சட்டகக் கருவிகளும் மத்தளம் விற்ற கதையும்

பத்திரிகைக்காரன் ஒருவனுக்கு நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் கலைப்பட்டதாரி. தமிழும் வரலாறும் படித்தவன். நிரல் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானாக எழுதியதில்லை. ஆயினும் கடந்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, நிரலாளர்களுக்கென்று ஆக்கப்பட்ட ஒரு கருவியிலேயே என் குறிப்புகள் யாவற்றையும் எழுதி வருகிறேன். அதற்குக் காரணம் கணினி மீதான மோகம் அல்ல. ஓர் இழப்பு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பாதைகள் ஓரளவு திறந்திருந்த அந்தக் காலத்தில், ஞாயிறு பதிப்புக்கு ஒரு தொடர் எழுதும் நோக்குடன் கொழும்பிலிருந்து பல தடவைகள் மட்டக்களப்புக்குப் போய் வந்தேன். கூத்து அண்ணாவிமாரைச் சந்திப்பதே பயணத்தின் நோக்கம். பேராதனையில் படித்த காலத்தில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே கூத்துக்குக் கொடுத்த புத்துயிரைப் பற்றி எங்கள் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டவன் நான். அந்தக் கூத்து எங்கிருந்து வந்ததோ, அந்த ஊர்களில் அது இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஐந்து அண்ணாவிமாரோடு பேசினேன். மூவர் வடமோடி, இருவர் தென்மோடி. எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். சட்டம் கொடுத்தது முதல் அரங்கேற்றம் வரை ஒவ்வொருவரும் எத்தனை கூத்துகள் பழக்கினார்கள், கொப்பிகள் யாரிடமிருந்து வந்தன, மத்தளம் யார் கட்டிக் கொடுத்தது, இடம்பெயர்ந்தபோது எவை தொலைந்தன என்றெல்லாம் கேட்டு எழுதினேன். தொடர் மூன்று வாரங்களோடு நின்றுவிட்டது. பக்கம் வேறு தேவைக்குப் போய்விட்டது. பத்திரிகைத் தொழிலில் இது புதிதல்ல. குறிப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் குறிப்புகளை நான் எழுதி வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் கணினிச் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த இறுவட்டில் ஒரு மென்பொருள் கிடைத்தது. ஆங்கிலத்தில் அவுட்லைனர் என்பார்கள். சட்டகக் கருவி என்று இக்கட்டுரையில் அதை அழைக்கிறேன். திரையின் இடப்புறத்தில் மரம்போல் கிளைவிடும் தலைப்புகள். வலப்புறத்தில் அந்தத் தலைப்புக்குரிய எழுத்து. தலைப்புக்குள் உபதலைப்பு, அதற்குள் இன்னொன்று என்று எத்தனை அடுக்குக்கும் போகலாம். வேண்டாத கிளையை மடித்து வைக்கலாம். ஒரு கிளையைப் பிடித்து இழுத்தால் அதன் கீழுள்ள அனைத்தும் கூடவே வரும். சோதனை மண்டபத்தில் விடையின் சட்டகத்தை வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் கீறிவிட்டு எழுதத் தொடங்கிய எனக்கு, அது நெடுநாள் தேடிய பொருள்போல் இருந்தது.

ஐந்து அண்ணாவிமாருக்கும் ஐந்து கிளைகள். ஒவ்வொன்றின் கீழும் குடும்பம், குரு, கூத்துகள், கருவிகள், இடப்பெயர்வு என்று உபகிளைகள். ஒவ்வொரு கூற்றும் ஒரு தனி வரி. அவை யாவும் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. அன்று இலங்கையில் தமிழ் தட்டச்சுச் செய்த பலருக்கும் பாமினிதான் பழக்கம்.

2014இல், அந்தக் குறிப்புகளைச் சிறு நூலாக்கலாம் என்று நண்பர் ஒருவர் ஊக்கப்படுத்தினார். பழைய கோப்பை எடுத்தேன். புதிய கணினியில் அந்த மென்பொருள் இயங்க மறுத்தது. அதை ஆக்கியவர்களின் இணையத்தளமும் இருக்கவில்லை. வேறெந்த மென்பொருளாலும் அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை. அப்போது எங்கள் வீட்டில் தங்கி, கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்துகொண்டிருந்த என் தமக்கையின் மகனிடம் கொடுத்தேன்.

"மாமா, உது எதிலை எழுதினது?" என்றான். சொன்னேன். சிரித்தான். பிறகு, கோப்பொன்றுக்குள் வாசிக்கத்தக்க எழுத்துகள் எங்கெல்லாம் தொடர்ச்சியாக இருக்கின்றனவோ அவற்றை மாத்திரம் பிரித்தெடுக்கும் ஒரு சிறிய கட்டளையை இயக்கினான். பாமினியில் எழுதியது இங்கே எனக்கு அதிர்ஷ்டமாயிற்று. பாமினி தமிழ் வடிவங்களைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே வைத்திருக்கிறது. ஆகவே கணினியின் கண்ணுக்கு என் குறிப்புகள் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. எனவே சுலபமாகப் பிடிபட்டன. ஏறக்குறைய 1,400 வரிகள் வெளியே வந்தன.

நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் அவன் சொன்னான்: "வரியள் வந்திட்டுது மாமா. ஆனா எது எதுக்குக் கீழை இருந்தது எண்டு வரேல்லை."

அந்த மென்பொருள் எழுத்தை ஓரிடத்திலும், எந்த வரி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்ற விபரத்தை வேறோரிடத்தில் தன் சொந்தக் குறியீட்டிலும் வைத்திருந்தது. எழுத்து மிஞ்சியது, மரம் போய்விட்டது. வரிகளின் ஒழுங்கும் குலைந்திருந்தது. "பதினாறு வயதில் சதங்கை கட்டினேன்" என்று ஒரு வரி. யார் கட்டினார்? "மத்தளத்தை விற்று அரிசி வாங்கினேன்" என்று ஒரு வரி. யார் விற்றார்?

செய்தித் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது, சொன்னது என்ன என்பதற்கு முன்னால் சொன்னவர் யார் என்பதைக் குறித்துக்கொள் என்பதைத்தான். சொன்னவர் இல்லாத கூற்று வதந்திக்குச் சமம். என்னிடம் 1,400 வதந்திகள் இருந்தன.

இந்த இடத்திலிருந்துதான் சட்டகக் கருவிகளைப் பற்றிய என் தேடல் ஆரம்பித்தது. இன்னொரு முறை இப்படி ஏமாறக் கூடாது என்பது மட்டுமே அப்போதைய எண்ணம். தேடத் தேட, இக்கருவிகளின் வரலாறே நிரலாளர்களின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதைக் கண்டேன்.

1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் ஆய்வாளர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். சுட்டி என்று இன்று நாம் அழைக்கும் பொருளைப் பெரும் சபையொன்று முதன்முதலாகக் கண்ட நிகழ்வு அது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் திரையில் செய்து காட்டிய ஆரம்ப வேலைகளில் ஒன்று, கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை வகைப்படுத்தி, தலைப்புகளின் கீழ் அடுக்கி, மடித்து விரித்துக் காட்டியது. அந்த முறைமையின் நிரலையே அவருடைய குழுவினர் அதே அடுக்கு வடிவில் எழுதி வந்தனர்.

தனிநபர் கணினிகள் வந்தபின், 1983இல் டேவ் வைனர் என்பவர் திங்க்டாங்க் என்ற சட்டகக் கருவியை அப்பிள் கணினிக்கு வெளியிட்டார். 1986இல் மக்கின்டொஷுக்காக மோர் வந்தது. பின்னர் அவரே ஃப்ரொன்டியர் என்ற நிரலாக்கச் சூழலை ஆக்கியபோது, அதில் நிரல் எழுதும் இடத்தையும் சட்டகமாகவே அமைத்தார். 2000ஆம் ஆண்டில், ஒரு சட்டகத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்வதற்கென ஓபிஎம்எல் என்ற பொது வடிவத்தையும் அவர் முன்வைத்தார். என் கோப்பு அந்த வடிவில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை ஏற்பட்டிராது.

நிரலாளர்களுக்கு ஏன் இத்தனை ஈடுபாடு? நிரல் என்பது தன்னளவில் ஒரு சட்டகம். பெரிய வேலை ஒன்று சிறிய வேலைகளாகவும், அவை இன்னும் சிறிய வேலைகளாகவும் பிரிகின்றன. 1991இல் வெளிவந்த பைதான் மொழியில், ஒரு வரி எத்தனை இடைவெளி உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அது எதற்குக் கீழே வருகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இடைவெளி பிழைத்தால் நிரலும் பிழைக்கும். மருமகன் இதை விளக்கியபோது எனக்கு உடனே புரிந்தது. என் கோப்புக்கு நேர்ந்ததும் அதுதானே.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். வெறுமனே பட்டியலிடுவதில் பயனில்லை. எங்களிடம் உண்மையான வேலை ஒன்று இருந்தது. பாமினியில் இருந்த 1,400 வரிகளையும் ஒருங்குறிக்கு மாற்றப் பைதானில் ஒரு நிரல் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வேலை; ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து. உள்ளே போனால் அப்படியில்லை. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைக்கிறது. 'கொ' என்றால் கொம்பு முதலில், ககரம் அடுத்து, அரவு கடைசி. ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னர். ஆகவே மூன்று துண்டுகளைக் கண்டறிந்து ஒழுங்கு மாற்ற வேண்டும். அதுவும் நீளமான சேர்க்கைகளை முதலிலும் குறுகியவற்றைப் பிறகும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' என்பது 'கெ' ஆகி, அரவு தனியே நிற்கும். மாற்ற அட்டவணை, மாற்றும் ஒழுங்கு, விதிவிலக்குகள், சோதனைச் சொற்கள் என்று இந்த நிரலின் சட்டகம் விரிந்தது. மாலை நேரங்களில் அவன் நிரல் எழுத, தமிழ் எழுத்துகளின் சேர்க்கைகளை நான் சொல்லிக் கொடுக்க, ஒரே வேலையை நான்கு கருவிகளில் வைத்துப் பார்த்தோம்.

முதலாவது, விம்அவுட்லைனர். பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் என்ற எழுத்துத்தொகுப்பானின் மேல் அமர்ந்து வேலை செய்வது. 2001இல் வந்த விம் 6ஆம் பதிப்பில் வரிகளை மடித்து வைக்கும் வசதி சேர்ந்தது. இக்கருவி அந்த வசதியில் தங்கியிருக்கிறது. இதன் இலக்கணம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: டப் விசையால் எத்தனை தரம் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதோ அத்தனையாவது அடுக்கு. வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. விரல் விசைப்பலகையை விட்டு நகர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு குறைகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு டப் குறியில் மரம் முழுவதும் தொங்குகிறது. மின்னஞ்சலில் ஒட்டும்போது அந்தக் குறி அழிந்தால், மறுபடியும் எனக்கு நேர்ந்த கதிதான். இரண்டாவது, விம் பெரும்பாலும் இயங்குவது முனையத் திரையில். அங்கே தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நின்று, சுட்டுக்குறி ஓரிடமும் எழுத்து வேறிடமுமாகத் தடுமாற வைத்தன.

இரண்டாவது, லியோ. எட்வர்ட் ரீம் என்பவர் பைதான் மொழியில் ஆக்கியது. நிரலை மனிதர் வாசிக்கும் ஒரு கட்டுரைபோல் எழுத வேண்டும், கணினிக்கு வேண்டிய ஒழுங்கில் அதைப் பிரித்தெடுப்பது ஒரு கருவியின் வேலை என்று டொனால்ட் கனூத் 1984இல் எழுதினார். அந்தச் சிந்தனையும் மோர் போன்ற கருவிகளின் மர அமைப்பும் சேர்ந்த இடம் லியோ. இதில் ஒவ்வொரு கணுவும் நிரலின் ஒரு துண்டு. மரத்தில் விரும்பியபடி அடுக்கலாம். லியோ அவற்றைச் சேர்த்து நிரல் கோப்பாக எழுதிக் கொடுக்கும்.

லியோவின் தனிச்சிறப்பு, ஒரே கணு மரத்தின் பல இடங்களில் இருக்கலாம் என்பது. பிரதி அல்ல, அதே கணு. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். கொம்பு தொடர்பான விதிகள் எல்லாவற்றையும் 'மாற்றும் ஒழுங்கு' என்பதன் கீழும் வைத்தோம். அவற்றுள் சிலவற்றை 'இன்றைக்குப் பார்க்க வேண்டிய பிழைகள்' என்பதன் கீழும் வைத்தோம். உலகத்தில் எந்தப் பொருளும் ஒரே தலைப்பின் கீழ் மட்டும் அடங்குவதில்லை என்பதைப் பத்திரிகை நூலகத்தில் செய்தி நறுக்குகளை ஒட்டி வைத்தவர்கள் அறிவார்கள். ஓர் ஆசிரியரின் கொலையைக் கல்வி என்ற கோவையில் வைப்பதா, வன்முறை என்ற கோவையில் வைப்பதா என்று நாங்கள் திண்டாடியதுண்டு. லியோ அந்தத் திண்டாட்டத்தைத் தீர்க்கிறது.

அதன் குறை வேறு வகையானது. மரம் லியோவின் கோப்பில் இருக்கிறது. நிரல் வெளிக் கோப்புகளில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க நிரலுக்குள் குறிப்பு வரிகளை அது சேர்க்கும். சேர்க்காமல் விடும் வழியும் உண்டு. ஆயின் அப்போது மரத்தின் முழு விபரமும் லியோவின் கோப்பில் மட்டுமே தங்கும். குழுவாக வேலை செய்யும் இடத்தில் மற்றவர்கள் அதைப் பயன்படுத்தாவிட்டால், மரத்தைக் கட்டிக் காப்பது ஒருவரின் தனிப் பொறுப்பாகிவிடும். லியோவின் கோப்பும் எக்ஸ்எம்எல் என்ற வாசிக்கத்தக்க வடிவில் இருப்பது ஆறுதல். பாழடைந்தாலும் ஆள் வைத்துத் தோண்டி எடுக்கலாம்.

மூன்றாவது, வேர்க்ஃப்ளோயி. 2010இல் வந்த இணையவழிக் கருவி. கற்றுக்கொள்ள அரை மணி நேரம்கூட வேண்டாம். எந்த வரியைத் தொட்டாலும் அது தனிப் பக்கமாக விரியும். தமிழ் எந்தச் சிக்கலுமின்றித் தெரிந்தது. நிரலின் திட்டத்தை எழுத அது போதுமாக இருந்தது. நிரலை எழுத அல்ல. மேலும், குறிப்புகள் இருப்பது வேறொருவரின் கணினியில். ஓபிஎம்எல்லாகவும் வெறும் எழுத்தாகவும் வெளியே எடுத்து வைக்க வழியிருக்கிறது. அதைக் கிரமமாகச் செய்பவருக்கு ஆபத்தில்லை. கிரமமாகச் செய்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. நான் செய்யாதவன் என்பது ஏற்கெனவே நிரூபணமான விடயம்.

நான்காவது, ஓர்க்-மோட். ஈமாக்ஸ் என்ற பழம்பெரும் எழுத்துத்தொகுப்பானுக்குள் இயங்குவது. 2003இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. 2007இல் வந்த ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இதன் இலக்கணமும் எளியது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் முதல் அடுக்கு. இரண்டு இருந்தால் இரண்டாம் அடுக்கு. டப் விசையை அழுத்தினால் கிளை மடியும், விரியும். ஒரு கிளையை மேலும் கீழும் நகர்த்தவும், அடுக்கு ஏற்றி இறக்கவும் அம்புக்குறி விசைகள் போதும். நிரல் துண்டுகளை அந்தந்தத் தலைப்பின் கீழேயே எழுதி, அங்கேயே இயக்கிப் பார்க்கலாம். முடிவில் எல்லாவற்றையும் சேர்த்துத் தனி நிரல் கோப்பாக எடுக்கலாம்.

இதற்கும் குறை உண்டு. ஈமாக்ஸின் விசைச் சேர்க்கைகளைப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இரண்டு மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தி, பிறகு இன்னொன்று. மத்தளத்தில் தாளக்கட்டுப் பழகுவதுபோல் விரல்கள் பழக வேண்டும். அதன் அட்டவணைகளில் தமிழை இட்டால் நிரைகள் கோணலாக நிற்கும். ஈமாக்ஸுக்கு வெளியே அதன் முழு வலிமையும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கோப்பை எந்தக் கணினியில், எந்த எளிய எழுத்துச் செயலியில் திறந்தாலும் மரம் கண்முன்னே நிற்கிறது. நட்சத்திரங்களை எண்ணத் தெரிந்தால் போதும். கடதாசியில் அச்சிட்டாலும் அது தப்பிப் பிழைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய நிரல் எழுதும் மென்பொருட்கள் பலவற்றில் ஓரத்தில் ஒரு சட்டகப் பலகை உண்டு. எழுதிய நிரலிலுள்ள செயற்கூறுகளின் பெயர்களை அது பட்டியலிட்டுக் காட்டும். இதுவே போதாதா என்று மருமகனின் நண்பர்கள் கேட்டார்கள். அது எழுதி முடித்த நூலின் உள்ளடக்கப் பக்கம் போன்றது. இருப்பதைக் காட்டுகிறது, எழுதுமுன் யோசிக்க உதவுவதில்லை. நாங்கள் ஒப்பிட்ட கருவிகள் யோசிக்கும் இடங்கள். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒப்பீட்டின் முடிவு என்ன? தனியாக ஒரு பெரிய, சிக்கலான நிரலோடு மல்லுக்கட்டுபவருக்கு லியோ. ஏற்கெனவே விம்மில் ஊறியவருக்கு, சிறிய திட்டங்களுக்கு, விம்அவுட்லைனர். பழகப் பொழுதில்லாதவருக்கும் பல இடங்களிலிருந்து எழுதுபவருக்கும் வேர்க்ஃப்ளோயி, மாதந்தோறும் பிரதியெடுக்கும் ஒழுக்கத்தோடு. இருபது ஆண்டுகள் கழித்தும் திறந்து பார்க்க வேண்டிய எதற்கும் ஓர்க்-மோட். மருமகன் கடைசியில் தன் அலுவலக நிரலைச் சாதாரண எழுத்துத்தொகுப்பானிலேயே தொடர்ந்து எழுதினான். திட்டங்களுக்கு மட்டும் ஓர்க்கை எடுத்துக்கொண்டான். நான்தான் முழுமையாக அதற்குள் குடியேறினேன்.

ஒருங்குறிக்கு மாற்றிய வரிகளை ஒரு ஓர்க் கோப்பில் இட்டேன். ஐந்து அண்ணாவிமாருக்கும் ஐந்து தலைப்புகள். ஆறாவதாக 'யாருடையது எனத் தெரியாதவை' என்ற தலைப்பு. தொடக்கத்தில் 1,400 வரிகளும் அந்த ஆறாம் தலைப்பின் கீழேயே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மேலே நகர்த்தினேன். வடமோடிக்குரிய கூத்துகளின் பெயர் வந்த வரிகளும் தென்மோடிக்குரியவையும் சுலபமாகப் பிரிந்தன. ஊர்ப் பெயர், கோயில் பெயர், பிள்ளைகளின் பெயர் என்பன வேறு பலவற்றைப் பிரித்தன. என் பழைய பயணக் கொப்பி ஒன்று சிலவற்றுக்கு உதவியது. எஞ்சியவற்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு 2015இல் மட்டக்களப்புக்குப் போனேன்.

ஐவரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். மற்ற நால்வரின் பிள்ளைகளைச் சந்தித்தேன். வரிகளை வாசித்தேன். "இது அப்பா கதைக்கிற மாதிரித்தான் இருக்கு" என்று சிலவற்றை அடையாளம் கண்டார்கள். தந்தையின் குரல் கடதாசியில் திரும்பி வந்ததுபோல் ஒரு மகள் அழுதார்.

மத்தளம் விற்ற வரியை, எல்லாப் பொருத்தங்களையும் பார்த்து, தென்மோடி அண்ணாவியார் ஒருவரின் கீழ் ஏற்கெனவே வைத்திருந்தேன். ஏறத்தாழ நிச்சயம் என்றே எண்ணினேன். அவருடைய மகனிடம் அதை வாசித்தபோது அவர் முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். துணியால் சுற்றிய மத்தளம் ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"சேர், அப்பா மத்தளத்த விக்கல்ல. மூணு தரம் இடம்பெயர்ந்தம். மூணு தரமும் தோளில இதுதான் வந்தது. சட்டிபானை வரல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதுபடுத்தவில்லை, தேநீர் தந்தே அனுப்பினார். ஆனால் அந்த நூல் நான் நினைத்தபடி அச்சாகியிருந்தால், மூன்று தடவை தோளில் சுமக்கப்பட்ட ஒரு மத்தளத்தை அரிசிக்கு விற்றதாக எழுதி, இறந்துபோன ஒரு மனிதரின் பெயரை அதன் கீழ் இட்டிருப்பேன். அவர் வந்து மறுத்திருக்க முடியாது.

உண்மையில் விற்றவர் யார்? மற்றக் குடும்பங்களிடமும் கேட்டேன். ஒருவர் தெரியாது என்றார். இன்னொருவர் பேச்சை மாற்றினார். உயிரோடிருந்த அண்ணாவியாருக்கு நினைவு தடுமாறிவிட்டிருந்தது. யாரோ ஒருவர், 2002இல் ஒரு மாலைப்பொழுதில், என்னை நம்பி அதைச் சொன்னார். தன் வாழ்நாளில் சொல்லக் கடினமான ஒரு விடயத்தைச் சொன்னார். அது எவர் சொன்னது என்பதைக் காப்பாற்றி வைப்பதுதான் என் வேலை. அதை நான் ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, அது எங்கே, எப்படி வைத்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கருவிகளை ஒப்பிடுபவர்கள் வேகம், அழகு, வசதி, விலை என்று பட்டியல் போடுகிறார்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். நிரலாளருக்கும் சரி, எழுத்தாளருக்கும் சரி, அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் அனுபவம். இந்தக் கருவி நாளைக்கு இல்லாமற் போனால், எது எதற்குக் கீழே இருந்தது என்பது என் கண்ணுக்குத் தெரியுமா? சோதித்துப் பார்ப்பதும் எளிது. உங்கள் கோப்பை அந்தக் கருவியில் அல்லாமல், கணினியிலுள்ள மிக எளிய எழுத்துச் செயலியில் இன்றைக்கே திறந்து பாருங்கள். மரம் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தெரியாவிட்டால், தெரியும் வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நூல் இன்னமும் வெளிவரவில்லை. கோப்பு என் கணினியில் இருக்கிறது. மருமகனிடம் ஒரு பிரதி, அச்சிட்ட தாளாக அலுமாரியில் ஒரு பிரதி. ஆறாவது தலைப்பின் கீழ் இன்றைக்கு 83 வரிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை எவரின் கீழும் நகர்த்தப் போவதில்லை. நூல் வரும்போது அந்தத் தலைப்போடுதான் வரும். மத்தளம் விற்ற வரி அங்கேதான் இருக்கிறது, இரண்டு நட்சத்திரங்களோடு.